எதிர்வீட்டைப் பார்த்த மெடூசா

ஆழ்குழாய்க் கிணறு போடப் போகிற மனிதர் ஒருவரிடம், பார்த்ததையெல்லாம் கல்லாக்கிவிடும் ஒருத்தியின் கதையை, அவர் கேட்காமலேயே முக்கால் மணி நேரம் விளக்கிச் சொன்னவன் நான். அதுவும் அன்னவாசல் பக்கத்தில். இங்கே மண்வெட்டியைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டாலே பொறி பறக்கும். இப்படிப்பட்ட பூமியில் கல்லைப் பற்றிப் பேசுகிறவன் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும். புத்தகம் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பூட்டைப் படைத்தவன் கொடுத்து அனுப்புவதில்லை.

எனக்கு வேலை புதுக்கோட்டையில். ஓய்வு பெறுவதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று, அன்னவாசலுக்கு வெளியே கிடைத்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மனைவி கேட்டது காற்றோட்டமான சமையலறை. நான் கேட்டது மாடியில் படிப்பதற்கு ஓர் அறை. அந்த அறையின் மேற்குச் சுவரில் என்ன படம் மாட்டுவது என்பதை, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். கழிவறைக்கு எங்கே குழி எடுப்பது என்பதைக் கடைசிவரை நான் முடிவு செய்யவில்லை. என் திட்டமிடல் அப்படிப்பட்டது.

படம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வரைந்த மெடூசா. அந்தக் காலத்தில் அங்கே ஓவியத்துக்கென்று கழகங்கள் இருந்தன. முறையாகப் பயின்று, பதக்கம் வாங்கி, கிரேக்கக் கதைகளிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுத்து, தூரிகை பட்ட தடமே தெரியாமல் வழவழவென்று வரைவார்கள். வகுப்பில் முதல் மாணவனின் கையெழுத்து மாதிரி, குறை சொல்ல எதுவும் இருக்காது. அதுதான் குறை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த ஓவியங்கள் பிடிக்கும். நான் வகுப்பில் நடுவாந்திரம். இந்த மெடூசாவுக்குத் தந்தம் போலக் கழுத்து. உதடு லேசாகத் திறந்திருக்கும். தனக்கு என்ன நேர்ந்தது என்பது அந்த நொடியில்தான் தெரிந்தது போல விரிந்த கண். தலைமுடிக்குப் பதிலாகப் பாம்புகள். ஒவ்வொரு பாம்பின் செதிலையும் தனித்தனியாக வரைந்திருப்பார் மனிதர். மாதச் சம்பளக்காரனின் பொறுமை.

வாலிபத்தில் ஒரு நூலகப் புத்தகத்தில் பார்த்து மனசில் தங்கிய படம். சித்தன்னவாசல் என் மனையிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய தாமரைக் குளம் அங்கே விதானத்தில் இருக்கிறது. மீன், யானை, பூப்பறிக்கும் ஆள் எல்லாம் உண்டு. அதை நான் கடைசியாகப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில், அதுவும் புளியோதரை கட்டி வந்த பொட்டலத்தின் மேல் பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு. படம் வேண்டும் என்றதும் எனக்கு ஆன்லைனில் ஐரோப்பாதான் ஞாபகம் வந்தது.

துணியில் அச்சடித்த பிரதி, நாலடி உயரம், சட்டம் போட்டது. குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்தால் மனைவி முதலில் பார்த்துவிடுவாள் என்று, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முகவரியைக் கொடுத்தேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள்கூட இதைவிடப் புத்திசாலித்தனமாக இடம் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, இருநூறு அடி தொலைவிலேயே அவளைப் பார்த்துவிட்டேன். பூச்சு வேலை முடியாத மாடியின் முகப்பில், சாரக் கம்புகளோடு கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கீழே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம். பக்கத்திலேயே மீசை வரைந்த பூசணிக்காய் ஒன்று, புதிதாக வந்த மேலதிகாரியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்ட குமாஸ்தாவைப் போலச் சற்று ஒதுங்கித் தொங்கியது.

"என்ன கொத்தனாரே இது?"

"திருஷ்டிப் படந்தானே சார். பார்சல் வந்துச்சு, பிரிச்சேன். ஆத்தாடி! இப்பிடி ஒரு படத்த நான் எங்கிட்டும் பாத்ததில்ல. அவனவன் பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு தொங்கவிடுறான். நீங்கதான் பிரேமெல்லாம் போட்டு வாங்கியிருக்கீங்க."

சாந்துச் சட்டியை இறக்கி வைத்த சித்தாள் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். "கண்ணு வைக்க வர்றவன் இவ கண்ணப் பாத்தான்னா, வந்த வழியே ஓடிருவான் சார்."

"பாம்புதான் சரியில்ல," என்றாள் இன்னொருத்தி. "ஒண்ணுகூட நல்ல பாம்பு இல்ல. எல்லாம் சாரை. அந்தா காதுகிட்ட கெடக்குது பாருங்க, அது வெறும் தண்ணிப் பாம்பு."

"வெளிநாட்டுல என்ன கெடைக்குமோ அதத்தானே வரைவான்?" என்று கொத்தனார் ஓவியருக்காகப் பரிந்து பேசினார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? "இது திருஷ்டிப் படம் இல்லப்பா, இறக்கி உள்ளே வை" என்று சொல்லியிருப்பான். விஷயம் முடிந்திருக்கும். நான் ஒரு சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். டீ வந்திருந்தது. கேட்க ஆள் இருந்தது. எதிர்வீட்டுக்காரரும் டீத் தம்ளரோடு வந்து நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் பதினான்கு வருடம் லாரி ஓட்டியவர். சரக்கு லாரி இல்லை, தண்ணீர் லாரி. பாலைவனத்தில் கட்டடம் கட்டுகிற இடங்களுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. அந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டி, வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் கொல்லை வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். கொல்லைக்குத் தண்ணீர் கிடைத்தால் கத்தரி, வெண்டை, மல்லிகை என்று ஏதாவது போட்டுக்கொண்டு ஊரோடு இருந்துவிடுவது. கிடைக்காவிட்டால் மறுபடியும் விமானம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பேசி வைத்திருந்த ஏற்பாடு இது. இதை அவர் எனக்குச் சொன்னது முதல் சந்திப்பின் மூன்றாவது நிமிடத்தில். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டேன் சார். சொந்தக் கொல்லைக்கு ஊத்த முடியுதான்னு பாப்போம்."

இது தெரிந்தும்தான் நான் கதை சொன்னேன். அழகாக இருந்த மெடூசா, தேவதையின் சாபம், கூந்தல் பாம்பானது, அவள் கண்ணைப் பார்த்தவர்கள் நின்ற நிலையிலேயே கல்லானது, ஒரு வீரன் அவளை நேராகப் பார்க்காமல் பளபளக்கும் கேடயத்தில் பிம்பத்தைப் பார்த்தே தலையைக் கொய்தது வரைக்கும். சித்தாள்கள் பாதியில் எழுந்து போய் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கொத்தனார் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் மட்டும்தான் கண் இமைக்காமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"மனுசங்க மட்டுந்தான் கல்லாவாங்களா சார், இல்ல எதுவானாலுமா?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு அடிக்குறிப்போடு பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "எதுவானாலும்தான். வெட்டின தலையை அந்த வீரன் கடற்கரையில பாசி மேல வச்சான். தண்ணியில கெடந்த பாசிகூட இறுகிக் கல்லாயிருச்சு. பவழமே அப்படித்தான் உண்டாச்சுன்னு சொல்லுவாங்க."

"தண்ணியில கெடந்ததுகூடவா?" என்றார். டீயின் மிச்சத்தைக் கீழே ஊற்றினார். அண்ணாந்து படத்தைப் பார்த்தார். பிறகு படம் எங்கே பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்தார். அது அவர் வீட்டு முன்வாசலைப் பார்த்தது. அங்கேதான், தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் உண்டு என்று சொல்லும் ஒருவர், சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்.

மறு வாரம் துளை போடும் போர் வண்டி வந்தது. ஐந்நூறு அடி. வெறும் கல் பொடி. கட்டிக்கொண்டிருந்த என் வீடே திருநீறு பூசியது போல வெளுத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அவர் வீட்டு முகப்பில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி தொங்கியது, மெடூசாவை நேருக்கு நேர் பார்த்தபடி. கேடயத்தை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. என் மாணவர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி உள்ள ஒரே மனிதர். மாலை வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு, என் மாடியில் பூச்சு பூசிக்கொண்டிருந்தவர் கண்ணில் அடித்து, அவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

இரண்டாவது முறை வண்டி வந்தது. முதல் குழியிலிருந்து பத்தடி தள்ளி, அதே முன்வாசல். மறுபடியும் பொடி. ஊரில் இப்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடைத்தெரு டீக்கடையில் நான் நுழைந்தால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தேடி வந்தார். சண்டைக்கு இல்லை, அவர் சுபாவம் அது இல்லை.

"சார், ஒங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்லங்க. கண்ணாடி கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. அது பார்வை கண்ணாடியில பட்டு நேரா குழிக்குள்ள எறங்கிருச்சு. எங்க தப்புதான்."

"இதெல்லாம் கதைங்க. அச்சடிச்ச துணி அது."

"கதைதான் சார். கதைன்னு நீங்கதானே சொன்னீங்க. பாசி கதையும் நீங்க சொன்னதுதானே?"

அன்று வீட்டுக்கு வந்து, அவரை மடக்குவதற்கு ஆதாரம் தேடினேன். நூறு பக்கம் புரட்டிய பிறகு கிடைத்தது, எனக்கு எதிரான ஆதாரம். அந்தக் கிரேக்கர்களே மெடூசாவின் முகத்தைத் தீங்கு அண்டாமல் இருக்கக் கதவு முகப்பிலும் கேடயத்திலும் பதித்து வைத்திருந்தார்களாம். அடுப்பில்கூட வைப்பார்களாம். சாரத்தில் ஏறி அரை நிமிடத்தில் கொத்தனார் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நான் இருபது வருடம் படித்துப் போய்ச் சேர்ந்திருந்தேன். கொத்தனாரிடம் இதைச் சொல்லவில்லை. கூலி உயர்த்திக் கேட்பார் என்று பயமில்லை. தெரியுமே என்று சொல்லிவிடுவார் என்று பயம்.

"அந்தச் சனியன எறக்கி உள்ள வைங்களேன். ஒரு குடும்பம் நிம்மதியா இருக்கட்டும்," என்றாள் என் மனைவி. படம் அவளுக்குத் தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றிய முதல் உரையாடலை இங்கே எழுதப்போவதில்லை.

இறக்கினால் மூடநம்பிக்கைக்குத் துணைபோனதாக ஆகும் என்றேன் நான். கொள்கை. படத்தைத் திருஷ்டிக்குக் கட்டியபோது எங்கே போயிருந்தது அந்தக் கொள்கை என்று அவள் கேட்கவில்லை, பார்த்தாள். அவளுக்குப் பாம்பு தேவைப்படுவதில்லை.

மூன்றாவது முயற்சிதான் கடைசி என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர் விடுப்பு முடிய பத்து நாள் இருந்தது. போர் வண்டி வருவதற்கு முந்தைய நாள், ஞாயிறு, நான் போனபோது, எதிர்வீட்டு முற்றத்தில் பெட்டி ஒன்று வெயிலில் திறந்து கிடந்தது. வளைகுடாவுக்குக் கொண்டுபோகிற பெட்டியைத் துடைத்துக் காய வைத்திருந்தார்கள். அவர் மனைவி தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு வந்தவர், அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, அது அங்கே இல்லாதது போல உள்ளே போனார்.

அதற்கு மேல் என் கொள்கை தாங்கவில்லை. அன்று கொத்தனார் வரவில்லை. நானே சாரத்தில் ஏறினேன். என் வயதில், என் உடம்புக்கு, அது ஒரு காட்சி. கட்டுக்கம்பியை அவிழ்த்து, கை கிழிந்து, நாலடிச் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பாக இறங்கினேன். மெடூசாவின் தலையோடு திரும்பிய வீரன்கூட இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டான். அவனுக்குச் செருப்பில் இறக்கை இருந்தது. படத்தைச் சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்த அறையில் சுவரைப் பார்க்க வைத்தேன். ஒரு பெரிய தியாகம் செய்துவிட்ட களைப்போடு, எதிர்வீட்டிலிருந்து யாராவது பார்த்து நெகிழ்கிறார்களா என்று பார்த்தபடி உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். நெகிழ்ச்சி இல்லை, பதற்றம்.

"சார், என்ன காரியம் பண்ணிட்டீங்க! படத்த எங்க?"

"எறக்கிட்டேங்க. நாளைக்கு நல்லபடியா தண்ணி வரட்டும்."

"ஐயய்யோ. திரும்ப மாட்டுங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொத நாள்லேருந்தே எங்க வீட்டுக்காரி சொல்லிக்கிட்டு இருக்கு. கொல்லையில அந்தக் கடேசில, பள்ளமா நாணல் கெடக்குற எடத்துல போடுங்கன்னு. நாந்தான் தேங்காய்க்காரர் பேச்சக் கேட்டு, வாசல்ல போட்டா வீட்டுக்கும் ஆச்சு கொல்லைக்கும் ஆச்சுன்னு நின்னுட்டேன். ரெண்டு குழி போச்சு. அது ஒரு வார்த்த கேக்கல. ஏன் கேக்கல? எல்லாம் அந்தப் படத்தாலன்னு நான் சொல்லியிருக்கேன். நாளைக்கும் வாசல்லதான் போடப்போறேன். படமும் இல்லாம, தண்ணியும் இல்லாமப் போச்சுன்னா, நான் யாரச் சொல்லுவேன் சார்?"

"எடத்த மாத்திக் கொல்லையில போட வேண்டியதுதானே?"

"இப்ப மாத்தினா, அது சொன்னது சரின்னு ஆயிரும்ல?"

விமானம் ஏறினாலும் ஏறுவார். இதை ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கு அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு படத்தை இறக்கச் சொல்லி மனைவி கேட்ட அன்று இறக்காமல், அதே காரியத்தைப் பதினைந்து நாள் கழித்து என் சொந்தப் பெருந்தன்மையாகச் செய்தவன் நான். இரண்டு பேருமாகச் சேர்ந்து படத்தை மறுபடி மேலே ஏற்றினோம். அவர் தாங்கிப் பிடிக்க, நான் கட்டினேன். "இன்னங் கொஞ்சம் இங்கிட்டு, எங்க வாசலப் பாத்தாப்புல," என்று பிறகு கீழே இறங்கி நின்று திசை சொன்னார்.

திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். காலை ஏழு மணிக்குப் போர் வண்டி வந்து வாசலில் திரும்ப முயன்றது. முடியவில்லை. புதிதாகப் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்தின் மேல் விறகுக் கட்டு, ஆட்டுத் தொட்டி, பழைய கட்டில், எருமூட்டை எல்லாம் அடுக்கியிருந்தது. வீட்டுக்குப் பக்கவாட்டில் கொல்லைக்குப் போகிற முள்வேலி முழுதாகப் பிரிக்கப்பட்டு, வண்டி போகிற அகலத்துக்கு மண் தட்டிச் சமப்படுத்தியிருந்தது. அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். கை முழுதும் முள் கீறல்.

"அண்ணே, நேரா அங்கிட்டுப் போங்க," என்றார் வண்டிக்காரரிடம். "அந்தா நாணல் தெரியுதுல்ல, அது பக்கத்துல."

வண்டிக்காரர் புருஷனைப் பார்த்தார். புருஷன் மாடியில் தொங்கிய படத்தைப் பார்த்தார். அது அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

"வாசல்லன்னுல்ல சொல்லியிருந்தேன்," என்றார் மெதுவாக.

"வாசல்ல அந்தப் பொம்பள பாக்குறா. கொல்லையில பாக்க மாட்டா. நீங்க சொன்னதத்தான் நான் செஞ்சிருக்கேன்," என்றார் மனைவி. அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தூரத்தில் இருந்த என்னால் சொல்ல முடியவில்லை. தோற்காமல் தோற்பதற்கு இதைவிட நல்ல வழி புருஷனுக்கு யாரும் போட்டுக் கொடுத்ததில்லை. "ஆமாமா. அதுவும் சரிதான்," என்று வண்டிக்கு முன்னால் நடந்து வழி காட்டினார்.

நூறு அடி வரை செம்மண். பிறகு பொடி. இருநூறில் பொடி. இருநூற்றைம்பதிலும் பொடி. எதிர்வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அவர் மனைவி உட்காரவில்லை. முந்நூறைத் தாண்டியதும் பறந்துகொண்டிருந்த பொடி ஈரமாகி, கட்டிக் கட்டியாகத் தெறித்தது. வண்டிக்காரர் ஏதோ கத்தினார். அடுத்து வந்தது தண்ணீர். சேற்று நிறத்தில், பனை உயரத்துக்கு, எங்கள் எல்லார் தலையிலும். எதிர்வீட்டுக்காரர் சட்டைப் பையில் செல்பேசியோடு அதற்குள் போய் நின்றார். பதினான்கு வருடம் தண்ணீர் சுமந்தவர், ஒரு துளியையும் பார்த்திராதவர் போல நின்றார். அவர் மனைவி கொஞ்சம் தள்ளி, வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கல் பொடிக் குவியலைப் பார்ப்பது போலப் பாவனை செய்தேன்.

மாலைக்குள் அந்தப் பெட்டி முற்றத்திலிருந்து காணாமல் போயிருந்தது. பரணில் ஏற்றிவிட்டார்களாம். செல்பேசி வேலை செய்யாததால், வரவில்லை என்று ஏஜெண்டுக்குத் தகவல் சொல்ல என் போனை வாங்கிப் பேசினார். அந்த வகையில் இந்த விவகாரத்தில் நானும் ஒரு நன்மை செய்திருக்கிறேன்.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு போனேன். கொல்லையில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மோட்டார் வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் மண்வெட்டியோடு நின்றார். எனக்கு ஒரு தர்க்கத்தை முடித்து வைக்க வேண்டியிருந்தது.

"பாத்தியாம்மா? படம் தொங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. தண்ணி வந்துருச்சு. அதுக்கு ஒரு சக்தியும் கெடையாதுன்னு இப்பவாவது ஒங்க வீட்டுக்காரருக்கு விளங்கியிருக்கும்."

அவர் மடை மண்ணை இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு மொதல்லயே தெரியும்ணே. அதப் பாத்தவுக கல்லாப் போயிருவாகன்னு சொன்னீங்க. ரெண்டு மாசமா வாராவாரம் வந்து நின்னு நீங்கதான் அண்ணாந்து பாக்குறீங்க. ஒரு வாரமாச்சும் ஒங்க வாய் நின்னுச்சா?"